இருளில் மறைந்த குழந்தை முகம்

சுவரிருந்தாலன்றிச் சித்திரம் எழுதலாகாது என்பது நம் முன்னோர் மொழி. இருண்டுபோன நிழற்படத்தைத் திருத்தி அழகுறுத்த விழைவோர் முதற்கண் உளங்கொளத்தக்கது இதுவேயாம்.

சென்ற ஆண்டு விடுமுறையில், சன்னலருகே அமர்ந்திருந்த என் தமக்கையின் மூன்று வயது மகளை யான் படம் பிடித்தேன். புறத்தே கடும் வெயில், அகத்தே மங்கல். காமிரா சன்னலின் பேரொளியையே அளவாகக் கொண்டு, படம் முழுவதற்கும் ஒளியைக் குறைத்துவிட்டது. குழவி கருநிழலாயினள். அவர்கள் ஊர் திரும்பிய பின்னர், எங்கள் பாட்டியார் தம் கொள்ளுப்பேத்தியின் படத்தைக் கேட்டனர். என்னிடம் இருந்ததோ இஃதொன்றே.

இருண்ட படத்தை வெளிச்சமாக்குதல் எளிதன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று, காரணம் கூறுவேன். ஒளியானது ஃபோட்டான் எனும் நுண்கூறுகளாக, மழைத்துளிபோல் ஒழுங்கின்றி வந்து விழுகின்றது. ஓரிடத்தில் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழுமாயின், அதன் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 100. அஃதாவது நூற்றில் ஒரு பங்கு. 100 மட்டுமே விழுமாயின், ஏற்றத்தாழ்வு 10. அஃதாவது பத்தில் ஒரு பங்கு. ஆகவே இருண்ட பகுதியைப் பெருக்குங்கால் இக்குறையும் உடன் பெருகி, முகமெங்கும் மணல் தூவினாற்போலத் தோன்றும். இதனை ‘நாய்ஸ்’ என்பர்.

கோப்பின் வகையும் கருதற்பாலது. வழக்கமான ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்திற்கும் 8 பிட்டுகளே, அஃதாவது 256 படிகளே உடையது. காமிராவின் ‘ரா’ எனும் மூலக்கோப்போ, 14 பிட்டுகள் உடையதாயின், 16,384 படிகளைத் தாங்கும். நிழலில் புதைந்த முகத்தை மீட்டற்கு இதுவே தக்கது. நற்பேறாக யான் அதனை வைத்திருந்தேன்.

முதலில் மூலத்தைத் தொடாது படியொன்று எடுத்துக்கொண்டேன். படம் முழுவதையும் ஒருங்கே வெளுக்கச் செய்யின், சன்னல் வெறும் வெண்மையாகிவிடும். ஆதலின் ‘கர்வ்ஸ்’ என்னும் கோட்டின் அடிப்பகுதியை மட்டும் சிறிது உயர்த்தி, நிழலை மெல்ல எழுப்பினேன். நிறப்புள்ளிகள் மிகுந்து தோன்றவே, நிறத்தை நீக்கிக் கருப்பு வெள்ளையாக்கினேன். எஞ்சிய புள்ளிகள் பழம் பிலிம் படத்தின் மணிகள் போல அமைந்தன.

பின்னர் முகத்தை மட்டும் சற்று ஒளிரச் செய்து, ஓரங்களை இருளவிட்டேன். இது புதுமையன்று. இருட்டறையில் அச்சிட்டோர், கம்பியிற் செருகிய அட்டையால் ஒளியை மறைத்து, தாளில் வேண்டுமிடத்தை வெளுக்கச் செய்வர். கைகளைக் குவித்து ஒளியை ஓரிடத்தே மிகுவித்துக் கருக்கச் செய்வர். 1990-இல் வெளிவந்த போட்டோஷாப்பு என்னும் மென்பொருள், இவ்விரு தொழில்களுக்கும் அட்டையையும் கையையுமே இன்றளவும் சின்னமாகக் கொண்டுள்ளது.

இருள் யாவும் குற்றமன்று. ஓவியர் ரெம்பிராண்டு 1628-ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய தம் உருவம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அவர் கண்கள் நிழலுள் ஆழ்ந்துள்ளன. கன்னத்தின் ஓரத்தும் காதிலும் ஒளி வீழ்கின்றது. எனினும் அம்முகம் நம்மை நோக்குவதை நாம் உணர்கின்றோம்.

அவ்வளவில் நில்லாது, செயற்கை நுண்ணறிவு மென்பொருளொன்றிடமும் அப்படத்தை ஒப்புவித்தேன். நொடிப்பொழுதில் மாசற்ற முகமொன்று வந்தது. பதிவாகாத இடங்களை அது, தான் பயின்ற எண்ணிறந்த முகங்களைக்கொண்டு ஊகித்து நிரப்பியிருந்தது. இரண்டையும் பாட்டியார் முன் வைத்தேன். தெளிந்த படத்தை நெடிது நோக்கி, “அழகாய்த்தான் இருக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை?” என்றார். திகைத்து உற்றுநோக்கினேன். குழந்தையின் நெற்றித் தழும்பு அதில் இல்லை. அதனையும் மாசென்றே கருதி அம்மென்பொருள் துடைத்துவிட்டது போலும்.

மங்கலான மற்றைப் படத்தை அவர் கையிலெடுத்தார். நெற்றியை விரலால் தொட்டு, “திண்ணையிலிருந்து விழுந்தாளே, அந்தக் காயம்” என்றார்.

அப்படமே இன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகின்றது.