எஞ்சின் லைட் எரிந்தால் முதலில் கோட் நம்பரைக் கேளுங்கள்



கார்த்திகை மாதம் வந்துவிட்டால் கொண்டபாளையம் மலையடிவாரத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். குழுக் கடனில் கார், வேன் வாங்கி ஓட்டும் நம் குடும்பங்களுக்கு அதுதான் நாலு காசு பார்க்கும் காலம். அந்த நேரத்தில் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் வருமானம் போச்சு, தவணை மட்டும் நிற்காது. வண்டி ஓட்டுவது வீட்டுக்காரராக இருந்தாலும் பில்லுக்குப் பணம் புரட்டுவது நாம்தானே! ஆகவே மீட்டரில் மஞ்சளாக எரியும் எஞ்சின் லைட்டைப் பற்றி நாமும் தெரிந்துகொள்வோம்.

இன்றைய வண்டிகளில் எஞ்சினைக் கவனிக்க ஒரு சிறிய கம்ப்யூட்டர் உள்ளது. சென்சார்கள் தரும் அளவு மாறினால் அது ஒரு பழுது எண்ணைப் பதிந்துவைத்து லைட்டைப் போடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'கோட்' என்கிறார்கள். நம் நாட்டில் கார்களுக்கு இந்த ஏற்பாடு 2010 ஏப்ரலில் கட்டாயமானது, 2013 ஏப்ரலில் இன்னும் விரிவானது. ஸ்டியரிங் பக்கத்தில் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினால் கோட் தெரிந்துவிடும்.

உதாரணமாக 'பி0301' என்று வந்தால், 'பி' என்பது எஞ்சின், கியர் பகுதி. 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான எண். 3 என்பது தீப்பொறி சம்பந்தப்பட்டது. கடைசி 01, முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்கிறது.

முக்கியமான விஷயம், கோட் என்பது மாற்ற வேண்டிய பாகத்தின் பெயர் அல்ல. குழுக் கணக்கில் 200 ரூபாய் இடிக்கிறது என்று ரிஜிஸ்டர் காட்டும். யார் கட்டவில்லை என்று பாஸ்புக்கைப் புரட்டித்தானே கண்டுபிடிக்கிறோம்? இதுவும் அப்படித்தான். 'பி0171' வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். உடனே "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்தணும்" என்பார்கள். பல நேரம் அந்த சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கும். காற்றுக் குழாயில் விரிசலோ, கிளிப் லூஸோ, பெட்ரோல் ஃபில்டர் அடைப்போ இருக்கலாம். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பி0301 வந்த பெட்ரோல் வண்டியில் சிலிண்டருக்கு ஒரு காயில் தனித்தனியாக இருந்தால், செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கோட் பி0302 ஆக மாறினால் காயில்தான் கெட்டது. மாறாவிட்டால் பிளக், ஒயர், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும்.

மஞ்சள் லைட் நிலையாக எரிந்து வண்டியும் ஒழுங்காக ஓடினால் மெதுவாக ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். விட்டு விட்டு மின்னினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள புகை சுத்திகரிப்பானைப் பாழாக்கும், அது விலை கூடிய சாமான். சிவப்பில் ஆயில் லைட்டோ, சூடு காட்டும் லைட்டோ வந்தால் அங்கேயே ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதுதான்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன டிரிப் அடித்தால் அது அடைத்துக்கொண்டு தனி லைட் காட்டும். ஆரம்பத்திலேயே கவனித்து, வாலாஜா பக்கம் ஹைவேயில் வண்டிப் புத்தகத்தில் சொன்ன வேகத்தில் சீராக ஓட்டினால் பெரும்பாலும் தானே எரிந்து சுத்தமாகிவிடும்.

சிலர் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி "லைட் போயிடுச்சும்மா" என்பார்கள். கோட்தான் அழிந்தது, பழுது அப்படியே இருக்கும். சில நாளில் லைட் திரும்ப வரும். அதனால் அழிக்கும் முன் கோடைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வண்டிக்குக் கடன் தீர்மானம் போடும் முன் சாவியைத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் ஓடுவதற்கு முன் இந்த லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் லைட்டைக் கழற்றியிருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.