ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்: ரிப்போர்ட் மார்க் டீமுக்கு... வைவா மார்க் யாருக்கு?

ஏப்ரல், மே மாதங்களில் இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. "அண்ணா, நாளைக்குக் காலையில வைவா. மூணு காப்பி பைண்டிங் வேணும்" என்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டீம் வந்து நிற்கும். அதில் ஒருவர் மட்டும் லேப்டாப்போடு உட்கார்ந்து பக்க எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். மற்ற இருவரும் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் வைவா அறையில் நடப்பது கொஞ்சம் வேறு மாதிரி. வேறு கல்லூரியிலிருந்து வந்திருக்கும் எக்ஸ்டர்னல் ரிப்போர்ட்டைப் புரட்டுவார். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தில் விரலை வைப்பார். நன்றாகப் பேசுகிறவரை விட்டுவிட்டு ஓரமாக நிற்பவரைப் பார்த்து, "இந்த ஃபங்ஷன் என்ன பண்ணுது? நீங்க சொல்லுங்க" என்பார்.

"சார், அது டீம்மேட் பண்ணது சார்."

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பலரும் இந்தப் பதிலைக் காதால் கேட்டிருப்பார்கள், சிலர் வாயாலேயே சொல்லியிருப்பார்கள். இந்தப் பதிலின் விலை என்ன என்பது அண்ணா பல்கலைக்கழக ரெகுலேஷனிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை வைவாவுக்கு முன்பு திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

மார்க் எப்படிப் பிரிகிறது?

முதலில், இது எவ்வளவு பெரிய பாடம் என்று பார்ப்போம். 2021 ரெகுலேஷனில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் எட்டாவது செமஸ்டரில் வரும் 'ப்ராஜெக்ட் ஒர்க் / இன்டர்ன்ஷிப்' பாடத்துக்கு 10 கிரெடிட். வாரத்துக்கு 20 பீரியட். சாதாரண தியரி பேப்பர் ஒன்றுக்கு 3 கிரெடிட் என்றால், இது மூன்று பேப்பருக்கும் மேல். சிஜிபிஏவைத் தூக்கிவிடவும் முடியும், இறக்கிவிடவும் முடியும்.

மார்க்கை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதற்கு 2017 ரெகுலேஷன் நல்ல உதாரணம். குறைந்தது மூன்று ரிவ்யூ நடக்க வேண்டும், அவற்றுக்கு மொத்தம் 20 மார்க். ரிப்போர்ட்டுக்கு 30. வைவாவுக்கு 50.

ரிப்போர்ட்டுக்குக் கிடைக்கும் மார்க் டீமில் இருக்கும் எல்லாருக்கும் ஒன்றுதான். எழுதியவருக்கும் அதே, டீ குடித்தவருக்கும் அதே. வைவா மார்க் அப்படி இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவரவர் பதிலைப் பார்த்துப் போடப்படுவது. அதாவது, ஒரே ரிப்போர்ட்டோடு உள்ளே போகும் மூன்று பேர் மூன்று வேறு கிரேடோடு வெளியே வர விதியிலேயே இடம் இருக்கிறது. "அது டீம்மேட் பண்ணது" என்ற பதில் அந்த 50 மார்க்கில்தான் கை வைக்கிறது.

எண்கள் ரெகுலேஷனுக்கு ரெகுலேஷன் மாறும். அட்டானமஸ் கல்லூரி என்றால் அவர்களுக்கென்று தனி விதிப் புத்தகம் இருக்கும். சீனியர் சொன்னதை நம்பாமல், தங்கள் பேட்ச்சுக்கு உரிய ரெகுலேஷன் பிடிஎஃப்பில் ப்ராஜெக்ட் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிடுவது நல்லது. இரண்டு பக்கம்கூட வராது.

303 பேர் எப்படி 1,025 பேர் ஆனார்கள்?

கோடிங் ஓடுகிறது, அக்யூரசி 99 சதவீதம் வருகிறது. அதற்கு மேல் எக்ஸ்டர்னல் என்ன கேட்டுவிடப் போகிறார் என்று தோன்றலாம். மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட்களில் அந்த 99தான் பெரும்பாலும் பிரச்சினையின் தொடக்கம்.

இதய நோயைக் கணிக்கும் ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம். ஃபேஸ் ரெககனிஷன் அட்டெண்டன்ஸ், பயிர் பரிந்துரை போல இதுவும் வருஷா வருஷம் வரும் தலைப்பு. இதற்கு எல்லாரும் எடுக்கும் டேட்டா, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் பராமரிக்கும் யுசிஐ தொகுப்பில் 1988-லிருந்து இருப்பது. மூலத்தில் 76 விவரங்கள் உண்டு. ஆராய்ச்சிகளில் புழங்குவது வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் என்று 14 மட்டும். அதிகம் பயன்படும் பகுதி அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் எடுத்தது. அதில் இருப்பது 303 நோயாளிகள்.

ஆனால் பலர் டவுன்லோடு செய்வது கேகிள் தளத்தில் இருக்கும் இன்னொரு ஃபைலை. அதில் 1,025 வரிசைகள். "டேட்டா நிறைய இருக்கு, நல்லதுதானே" என்று தோன்றும். பாண்டாஸில் டூப்ளிகேட் வரிசைகளை நீக்கச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதி ஓட்டினால் மிச்சம் இருப்பது 302. மீதி 723-ம் ஏற்கெனவே இருந்த நோயாளிகளின் நகல்.

இதனால் என்ன ஆகிறது? டேட்டாவை வழக்கம்போல 80-க்கு 20 என்று ட்ரெயினிங், டெஸ்ட் எனப் பிரிக்கும்போது, ஒரே நோயாளியின் ஒரு நகல் இந்தப் பக்கமும் இன்னொரு நகல் அந்தப் பக்கமும் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாடல் எதையும் கணிக்கவில்லை, பார்த்ததைத் திருப்பிச் சொல்கிறது. கேள்வித்தாளை முந்தின நாளே பார்த்துவிட்டு சென்டம் வாங்கிய மாதிரி. ரேண்டம் ஃபாரஸ்ட் போட்டால் கிட்டத்தட்ட 100 சதவீதம் வருவது இதனால்தான். நகலை நீக்கிவிட்டு ஓட்டினால் அக்யூரசி பெரும்பாலும் 80-களுக்கு இறங்கிவிடும்.

இறங்கினால் மார்க் குறையுமே என்ற பயம் மாணவர்களுக்கு உண்டு. நடைமுறையில் தலைகீழ். "சார், 1,025-ல 723 டூப்ளிகேட். அதை எடுத்துட்டோம், அதனால அக்யூரசி இவ்வளவுதான் வருது" என்று சொல்லும் மாணவரிடம் எக்ஸ்டர்னலுக்கு அடுத்து கேட்கக் கஷ்டமான கேள்வி அதிகம் இருக்காது. 99 காட்டுபவரிடம்தான் இருக்கும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: 302-ல் 20 சதவீதம் என்றால் டெஸ்டுக்கு 61 பேர். ஒருவரைத் தப்பாகக் கணித்தாலே 1.6 சதவீதம் போய்விடும். "எங்க மாடல் பேஸ் பேப்பரை விட ஒரு சதவீதம் அதிகம்" என்ற வரிக்கு அங்கே அர்த்தமே இல்லை. இப்படி ஒரு பத்தி ரிப்போர்ட்டில் இருந்தால், அது எங்கிருந்தும் வாங்கியது இல்லை என்பது படிப்பவருக்குத் தானாகவே தெரியும்.

"ரெடிமேடா கிடைக்குதே?"

கிடைக்கிறது. சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று கல்லூரிகள் இருக்கும் ஊர்களில் எல்லாம் 'ப்ராஜெக்ட் சென்டர்' போர்டுகள் உண்டு. 'ஐ-ட்ரிபிள்-ஈ ப்ராஜெக்ட்ஸ்' என்று தலைப்புப் பட்டியலே கையில் தருவார்கள். பேஸ் பேப்பர், கோடு, ரிப்போர்ட், பிபிடி, வைவாவுக்கு கேள்வி-பதில் வரை ஒரே பேக்கேஜ். டியூஷன் மாதிரி சொல்லிக்கொடுக்கும் இடங்களும் இதில் இருக்கின்றன. அதே ஜிப் ஃபைலை பத்து கல்லூரிகளுக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டின் முன்பக்கத்தில் 'போனஃபைடு சர்டிஃபிகேட்' ஒன்று வரும். இந்த வேலையை இந்த மாணவர்கள் என் மேற்பார்வையில் செய்தார்கள் என்று கைடு உறுதி சொல்லும் தாள் அது. துறைத் தலைவரும் கைடும் கையெழுத்துப் போடுகிறார்கள். வாங்கிய ப்ராஜெக்ட் என்றால் அந்தக் கையெழுத்து பொய்ச்சான்றாகிவிடுகிறது, அதுவும் தன் ஆசிரியர் பெயரில். கைடு வாரா வாரம் "எங்க வரைக்கும் முடிஞ்சது, காட்டுங்க" என்று கேட்பதைத் தொல்லையாக நினைக்கும் மாணவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

சொந்தமாகச் செய்ததற்கு ஆதாரம் வைப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. முதல் நாளிலிருந்தே கிட் பயன்படுத்தினால் போதும். யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார்கள் என்பது கமிட் வரலாற்றில் வரிசையாக இருக்கும். டீமில் யார் வேலை செய்தது, யார் செய்யவில்லை என்ற சண்டைக்கும் அதுவே சாட்சி. வைவாவுக்கு முந்தைய இரவு ஒரே கமிட்டில் மொத்த ப்ராஜெக்ட்டும் வந்து விழுந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

கிட்ஹப்பில் இருந்து பிறர் கோடை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், லைசென்ஸ் பார்த்து. எம்ஐடி லைசென்ஸ் என்றால் அதன் காப்பிரைட் குறிப்பை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸே போடாத ரெப்போ என்றால் 'எல்லாருக்கும் ஃப்ரீ' என்று அர்த்தம் இல்லை. எழுதியவரின் அனுமதி இல்லாமல் எடுத்துப் பயன்படுத்த முடியாது என்று அர்த்தம்.

பிளேஜியரிசம் விதி பி.இ. மாணவர்களுக்குப் பொருந்துமா?

யுஜிசி 2018-ல் கொண்டுவந்த விதிகளைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் ஓராண்டு தடை. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து.

இதைப் படித்துவிட்டு பி.இ. மாணவர்கள் பலர் பதறுகிறார்கள். ஆனால் அந்த விதிகள் குறிவைப்பது முதுநிலை, ஆராய்ச்சிப் பட்ட ஆய்வேடுகளையும் வெளியீடுகளையும். அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் போன்றவை இதில் அடங்காது என்று அதன் வரையறையிலேயே இருக்கிறது. 'பதிவு ரத்து' என்று பி.இ. மாணவரை இதை வைத்து மிரட்ட முடியாது.

அதற்காக ஜாலியாக காப்பி-பேஸ்ட் செய்யலாம் என்று இல்லை. பல கல்லூரிகள் தாங்களாகவே ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. கல்லூரி வைக்கும் வரம்புதான் பி.இ. மாணவருக்கு விதி. வெளியில் யாரோ ஒருவரிடம் காசு கொடுத்து டர்னிட்டினில் செக் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்த டிராஃப்ட் அங்கே சேமிக்கப்பட்டுவிட்டால், பிறகு கல்லூரி செக் செய்யும்போது உங்கள் ரிப்போர்ட் உங்கள் ரிப்போர்ட்டோடேயே ஒத்துப்போகும்.

சாட்ஜிபிடி?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததற்கு முன்பே எழுதப்பட்டவை 2017, 2021 ரெகுலேஷன்கள் இரண்டும். அதனால் இந்த விஷயத்தில் துறைத் தலைவரும் கைடும் சொல்வதுதான் நடைமுறை விதி. ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது உத்தமம். எங்கே பயன்படுத்தியது, எதற்கு என்று ரிப்போர்ட்டில் இரண்டு வரி எழுதிவிட்டால் பிறகு மறைக்க வேண்டிய வேலை மிச்சம்.

கோடு எழுத வைப்பதை விட ஆபத்தானது லிட்டரேச்சர் சர்வே எழுத வைப்பது. இல்லாத பேப்பருக்கு, இல்லாத ஆசிரியர் பெயரோடு, நம்பும்படியான தலைப்பு வைத்துத் தந்துவிடும். எக்ஸ்டர்னல் போனை எடுத்து அந்தத் தலைப்பைத் தேடிப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

ரிப்போர்ட் அளவு, ஓரம், பக்க எண்

இதில்தான் மாணவர்கள் அதிக நேரம் செலவிடுகிறார்கள், இதற்குத்தான் குறைவாகச் சொல்ல இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் ஃபார்மெட் ஷீட்டில் எல்லாமே மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிறது. பைண்டிங்குக்காக இடது ஓரம் 35 முதல் 40 மி.மீ., வலது ஓரம் 20 முதல் 25 மி.மீ. முன்பக்கங்களுக்குச் சின்ன ரோமன் எண், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3. அப்ஸ்ட்ராக்ட் ஒரு பக்கத்துக்குள். சோர்ஸ் கோட் அப்பெண்டிக்ஸில். போன வருஷ சீனியரின் வேர்டு ஃபைலைத் திறந்து பெயர் மாற்றுபவர்கள் ஹெடர், ஃபுட்டர், சர்டிஃபிகேட் மூன்றையும் இரண்டு முறை பாருங்கள். வேறொருவர் ரெஜிஸ்டர் நம்பரோடு பைண்டிங் ஆன ரிப்போர்ட்டுகள் ஒவ்வொரு வருஷமும் வைவாவுக்கு வருகின்றன.

தேதி தவறினால்?

'நாளைக்குக் கொடுக்கிறேன் மேம்' என்பது இங்கே செல்லாது. 2017 ரெகுலேஷன்படி, குறித்த தேதிக்குள் ரிப்போர்ட் கொடுக்காதவர் ப்ராஜெக்ட்டில் ஃபெயில் ஆனதாகவே கணக்கு. அடுத்து வரும் ஒரு செமஸ்டரில் மறுபடி பதிவு செய்து, மறுபடி செய்ய வேண்டும். தியரி பேப்பர் மாதிரி அரியர் எக்ஸாம் எழுதி முடித்துவிட முடியாது.

கேம்பஸில் வேலை கிடைத்தவர்களுக்கு இது இன்னும் கனமானது. ஆஃபர் லெட்டர் பெரும்பாலும் ஏழாவது செமஸ்டரிலேயே வந்துவிடுகிறது, ப்ராஜெக்ட் முடிவது எட்டாவதில். 'சேரும்போது அரியர் இருக்கக் கூடாது' என்ற வரி அந்த லெட்டர்களில் வழக்கமாக இருக்கும். வீட்டில் ஸ்வீட் கொடுத்து, எஜுகேஷன் லோன் இஎம்ஐக்கு அந்தச் சம்பளத்தைக் கணக்குப் போட்டு வைத்திருக்கும் நேரத்தில் ஆறு மாதம் தள்ளிப்போவது சாதாரண விஷயம் இல்லை. உடம்பு சரியில்லாமல் போவது, லேப்டாப் ரிப்பேர் ஆவது, டீம்மேட் கழன்றுகொள்வது எதுவாக இருந்தாலும் கடைசித் தேதிக்கு முன்பே கைடிடமும் துறைத் தலைவரிடமும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தேதி தாண்டிய பிறகு அவர்கள் கையில் செய்வதற்கு அதிகம் இல்லை.

வைவா முடிந்து, ஏற்கப்பட்ட ரிப்போர்ட்டில் ஒரு காப்பி கல்லூரி லைப்ரரிக்குப் போகிறது. ஜூலையில் அடுத்த பேட்ச் தலைப்புத் தேடி வரும்போது, கைடு முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்வது அந்த அலமாரியைத்தான்.