ஜப்பான் நாட்டுப் பழைய மோட்டார் வண்டிகள்

பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றுவார் எந்நாட்டிலும் உளர். ஆங்கில நாட்டுப் பெருஞ்செல்வர் தம் பாட்டனார் ஏறிய ரோல்ஸ் ராய்ஸ் வண்டியைக் கொட்டிலில் வைத்துக் காப்பதில் வியப்பொன்றுமில்லை. அவ்வண்டி பிறந்த நாளிலேயே பெருவிலை பெற்றதன்றோ? எளிய விலைக்கு விற்கப்பட்டு, குமாஸ்தாவும் கடைக்காரரும் ஏறித் திரிந்து, சில ஆண்டுகளில் பழைய இரும்பாய்ப் போவதற்கென்றே எண்ணப்பட்ட வண்டிகள், பின்னாளிற் பொன்போலப் போற்றப்படுதலே வியப்பு. ஜப்பான் நாட்டில் நிகழ்ந்தது இதுவாகும். இதனை நம் நேயர்கட்கு இயன்றவரை விளக்க முற்படுகின்றோம்.

அந்நாட்டார் இத்தகைய வண்டியைக் 'கியூஷா' என்பர். பழைய வண்டி என்பதே அச்சொல்லின் பொருள். ஆயினும், அதனைக் கேட்ட அளவில் அவர்தம் உள்ளத்தில் எழுவன பெரும்பாலும் 1960 முதல் 1980 வரை தோன்றிய வண்டிகளே. அவற்றின் மூதாதையர் இன்னும் முற்பட்டவர். ஹஷிமோத்தோ மஸுஜிரோ என்பார் 1911-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் நிறுவிய சிறு தொழிற்சாலையிலிருந்து 'டாட்' என்னும் வண்டி வெளிவந்தது. அவருக்குத் துணைநின்ற மூவர் பெயர்களின் முதலெழுத்துக்களே அப்பெயராயின. 1931-ல் ஒரு சிறிய வண்டி செய்தபொழுது, டாட்டின் புதல்வன் என்னும் கருத்தில் 'டாட்ஸன்' என்று பெயரிட்டனர். ஆனால் 'ஸோன்' என்னும் ஒலி ஜப்பானிய மொழியில் நஷ்டத்தைக் குறிப்பது! விற்பனைக்கு வைக்கும் பொருளுக்கு நஷ்டமென்று பெயரிடுவார் உண்டோ? ஆதலின் மறு ஆண்டிலேயே ஈற்றெழுத்தைத் திருத்தி, ஆங்கிலத்தில் ஞாயிற்றைக் குறிக்குமாறு 'டட்ஸன்' என மாற்றிக்கொண்டனர்.

இவ்வண்டிகளின் மீது ஜப்பானியர்க்குள்ள பற்றின் வேரைக் காணவேண்டின், 1964-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸுஸுக்கா என்னுமிடத்தில் நடந்த பந்தயத்தை நோக்கவேண்டும். பிரின்ஸ் என்னும் கம்பெனியார் 'ஸ்கைலைன்' என்றொரு குடும்ப வண்டி செய்து வந்தனர். அதில் இருந்தது நான்கு ஸிலிண்டர் யந்திரம். பந்தயத்திற்கு அது போதாதென்று கண்டு, வண்டியின் முன்பாகத்தை வெட்டி இருபது சென்டிமீட்டர் நீட்டி, அவ்விடத்தே தம் பெரிய வண்டியாகிய 'குளோரியா'வின் ஆறு ஸிலிண்டர் யந்திரத்தைப் பொருத்தினர். பந்தய விதிக்காக அவ்வாறு நூறு வண்டிகள் செய்யப்பட்டன. எதிரே நின்றதோ, ஓட்டப் பந்தயத்திற்கென்றே ஜெர்மனியில் உருவான போர்ஷே 904. இகுஸாவா தெத்ஸு என்னும் இளைஞர் ஓட்டிய ஸ்கைலைன், ஒரேயொரு சுற்றில் அப்போர்ஷேயை முந்தி நின்றது. முடிவில் போர்ஷேயே வென்றது. எனினும் அந்த ஒரு சுற்றை இன்றளவும் அந்நாட்டார் கதைபோற் சொல்லிவருகின்றனர்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. புகழ்பெற்ற அவ்வண்டி தொழிற்சாலையில் முதலில் வகுத்த வண்டியன்று. வெட்டி நீட்டி மாற்றப்பட்டது. ஆகவே, பழைய வண்டியை மாற்றலாகாது என்பாரும், மாற்றியே தீரவேண்டும் என்பாரும் இந்நாளில் நிகழ்த்தும் வழக்கில், முதற் சாட்சியே இரண்டாம் கட்சிக்கு ஆதரவாக நிற்கின்றது.

1966-ல் பிரின்ஸ் கம்பெனி நிஸ்ஸான் கம்பெனியோடு இணைந்தது. ஈராண்டு கழித்துப் புதிய ஸ்கைலைன் வெளிவந்தது. பெட்டிபோலச் சதுரமாக இருந்தமையின், பெட்டியைக் குறிக்கும் 'ஹாகோ' என்னும் சொல்லோடு ஸ்கைலைனின் சுருக்கத்தைச் சேர்த்து 'ஹாகோஸுக்கா' என மக்கள் அழைத்தனர். இதன் பின்பக்கத்தில், சக்கரத்தின் மேலாக ஒரு மடிப்புக்கோடு நீண்டு செல்லும். கடலலைமேற் சறுக்கி விளையாடுவோரை நினைந்து அதற்கு 'ஸர்ப் லைன்' என்று பெயர் வழங்கிற்று. நாம் அலைக்கோடு என்போம். 1969-ல் இதே வண்டியினின்று ஜி.டி.ஆர். என்னும் பந்தய வகை பிறந்தது. அதன் யந்திரம் இரண்டு லிட்டர் அளவுடையதாயினும், இருபத்துநான்கு வால்வுகள் கொண்டு 160 குதிரைச் சக்தி தந்தது. அகன்ற டயர்களுக்கு இடம் வேண்டியிருந்தமையின், தொழிற்சாலையாரே பின்சக்கர வளைவை மேலே வெட்டித் திறந்தனர், அலைக்கோடு துண்டுபட்டது. 1970-ல் வந்த இரண்டு கதவு வகையில், வெட்டிய வாயின்மேல் ஒரு கவசத்தையும் திருகாணிகளால் பொருத்தினர். இவ்வண்டிகள் 1972 வரையிற் பந்தயங்களிற் பெற்ற வெற்றிகள் ஏறத்தாழ ஐம்பது.

அன்றுமுதல் துண்டுபட்ட கோடு வீரத்தின் அடையாளமாயிற்று. ஜி.டி.ஆர். வாங்கும் ஆற்றலில்லாதோர் சாதாரண ஸ்கைலைனை வாங்கி, அதன் அலைக்கோட்டைத் தாமும் வெட்டிக் கவசம் பொருத்திக்கொண்டனர். புலியைக் கண்டு பூனை சூடிட்டுக்கொண்டது என்று சிலர் நகைப்பர். நாம் அங்ஙனம் நகைக்கமாட்டோம். அவர்கள் புறத்தை மட்டும் மாற்றவில்லை. சாதாரண ஸ்கைலைனில் இருந்த 'எல்' வகை யந்திரத்திற்கு ஒரு நற்பண்பு உண்டு: சிறியதும் பெரியதும் ஒரே குடும்பத்தின, இரண்டு லிட்டர் யந்திரத்தை எடுத்துவிட்டு, பின்னர் வந்த 2.8 லிட்டர் யந்திரத்தை அவ்விடத்தே வைத்தல் பெரிதும் எளிது. அவ்வளவிலும் அமையாது, ஸிலிண்டர்களை 89 மில்லிமீட்டராகக் கடைந்து, அக்குடும்பத்து டீஸல் யந்திரத்தின் கிராங்க் தண்டை அதிற் பொருத்தினால் 3.1 லிட்டர் ஆகின்றது. டீஸல் வண்டியின் உறுப்பொன்று பந்தய வேகத்திற்குத் துணையாகுமென எவர் நினைத்திருப்பர்? பல சிறு பட்டறைக்காரர் கைப்பழக்கத்தாற் பெற்ற கல்வி இது.

மாற்றத்திற்கு வேறொரு காரணமும் உண்டு, அது வரி. ஜப்பானிய சட்டப்படி சிறுவண்டி எனக் கொள்ளப்பட வேண்டின், அகலம் 1.7 மீட்டரும், நீளம் 4.7 மீட்டரும், யந்திரம் 2000 கன சென்டிமீட்டரும் கடத்தலாகாது. 1989-ல் வரி திருத்தப்படும்வரை, இவ்வெல்லையைக் கடந்த வண்டிக்கு வரி மிகமிக அதிகம். ஆதலின் அக்காலத்து வண்டிகள் பெரும்பாலும் ஒடுங்கிய உடலும் மெல்லிய சக்கரமுமாய்ப் பிறந்தன. சட்டம் ஒடுக்கியதை உடையவன் அகலப்படுத்தினான் எனலாம்.

இனி, இவ்வார்வம் எல்லை கடந்ததையும் மறைத்தலாகாது. 1971 முதல் 1989 வரை ஃபூஜி மலைப்பக்கத்துப் பந்தயத்திடலில் 'கிராண்ட் சாம்பியன்' என்னும் பந்தயத்தொடர் நடந்தது. அதனைக் காணவந்த இளைஞர் தம் வண்டிகளையும் பந்தய வண்டிகளைப்போல் அலங்கரித்து வரலாயினர். நாளடைவில் அலங்காரம் மிகைப்பட்டது. வண்டியின் முன்னே பலகைபோல் நீண்ட தகட்டை முன்தள்ளிய பல் என்னும் பொருளில் 'தெப்பா' என்றனர்; புகைக்குழாய்களை மூங்கில் ஈட்டிபோல் வான்நோக்கி நிமிர்த்தி 'தகேயாரி' என்றனர். தரையைத் தொடுமளவு தாழ்த்திய வண்டி 'ஷாகோதன்' ஆயிற்று. இவற்றால் யந்திரத்திற்கு யாதொரு நன்மையும் விளைந்ததாகத் தெரியவில்லை. உறங்குவோர்க்குத் தீமை விளைந்தது உறுதி. கூட்டமாய்ச் சென்று வீதியில் அச்சம் விளைத்தோரை அடக்க, 1978-ல் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டது. போலீஸார் அதற்குப் பின்னும் நெடுங்காலம், மாற்றப்பட்ட வண்டி எதனையும் குற்றவாளியின் வண்டியாகவே நோக்கினர். அமைதியாய்த் தம் பட்டறையில் யந்திரம் கடைந்தவர்க்கும் இப்பழி பகிரப்பட்டமை வருந்தத்தக்கது. 1983-ல் டோக்கியோவில் தொடங்கிய மாற்று வண்டிக் கண்காட்சியும், 1995-ல் மாற்று உறுப்புக்களுக்கான விதிகள் தளர்த்தப்பட்டமையுமே இப்பழியைப் பெரிதும் குறைத்தன.

பழைய வண்டியை வைத்திருப்பவனுக்கு ஜப்பானிய சர்க்கார் காட்டும் முகமும் அத்துணை இனியதன்று. புதிய வண்டியை மூன்றாண்டிலும், பின்னர் ஈராண்டுக்கொருமுறையும் கட்டாயப் பரிசோதனைக்குக் கொணர வேண்டும், செலவு சிறிதன்று. பதின்மூன்று ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கு வரியும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து வீதம் கூட்டப்படுகின்றது. ஈரக்காற்றும், பனிநாட்டு வீதிகளில் தூவப்படும் உப்பும் மெல்லிய இரும்பை அரிக்கின்றன. இத்தனைக்கும் தப்பி ஒரு வண்டி நிலைத்ததென்றால், யாரோ ஒருவர் அதன்பால் அளவுகடந்த அன்பு வைத்திருந்தார் என்றே கொள்ளவேண்டும். அன்பு வைத்தவர் பெரும்பாலும் அதனை மாற்றியவரே. மாற்றாத வண்டிகளோ, மதிப்பற்ற பழைய வண்டிகளாய் நொறுக்குச் சாலைக்குச் சென்றன.

இப்பொழுது காற்று திசைமாறி வீசுகின்றது. அமெரிக்காவில், உற்பத்தியாகி இருபத்தைந்து ஆண்டு நிறைந்த அயல்நாட்டு வண்டியை அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படுத்தாமலே இறக்குமதி செய்யலாம். டட்ஸன் 240 இஸட் வண்டியால் 1970 முதலே ஜப்பானிய வண்டிகளை விரும்பத் தொடங்கிய அந்நாட்டார், கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் 2005 முதல் அவற்றிற்கெனத் தனிக் கண்காட்சியும் நடத்துகின்றனர். 1989-ல் வெளிவந்த ஸ்கைலைன் ஜி.டி.ஆர். 2014-ல் இவ்விதிக்குள் வந்ததும், வாணிகர் ஜப்பானுக்கு விரைந்தனர். 1967 முதல் 1970 வரை ஏறத்தாழ முந்நூற்றைம்பது மட்டுமே செய்யப்பட்ட டொயோட்டா 2000 ஜி.டி. வண்டிகளுள் ஒன்று, 2013-ல் அமெரிக்க ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. ஒருகாலத்தில் இளந்தொழிலாளர் சொற்ப விலைக்கு வாங்கிய ஹாகோஸுக்காவும் இன்று அவர் மக்களின் கைக்கு எட்டுவதில்லை.

விலை ஏறவே, மதிப்பின் அளவுகோலும் தலைகீழாயிற்று. அலைக்கோடு வெட்டப்படாத ஸ்கைலைனே இப்பொழுது அரிய பொருள்; அதனை வெட்ட எவரும் துணியார். பழையதை உள்ளவாறு காத்தல் நன்றென்பதை நாமும் ஒப்புகின்றோம். எஞ்சிய சிலவற்றை இனியும் வெட்டுதல் தகாது. ஆனால், நாற்பதாண்டுக்கு முன் வெட்டப்பட்ட வண்டியைக் 'கெடுக்கப்பட்டது' என இழித்துரைக்கும் புதுச்செல்வரின் பேச்சை நாம் ஒப்புவதற்கில்லை. அவ்வெட்டே அவ்வண்டி நொறுக்குச் சாலைக்குப் போகாமற் காத்தது.

தொழிற்சாலையார் காலந்தாழ்த்தியேனும் விழித்துக்கொண்டனர். நிஸ்ஸான் கம்பெனியார் 1989-ஆம் ஆண்டு ஜி.டி.ஆர். வண்டிக்குரிய பழைய உறுப்புக்களை 2017-ல் மீண்டும் செய்து விற்கத் தொடங்கினர். டொயோட்டா கம்பெனியார் 2020-ல் 2000 ஜி.டி. வண்டிக்கும் அவ்வாறே செய்தனர். ஹாகோஸுக்காவை வைத்திருப்போர் மட்டும் இன்னும் முதிய பட்டறைக்காரரையே நாடுகின்றனர். அவர்களோ தாம் கற்ற வித்தையை ஏட்டில் எழுதி வைத்தவரல்லர். பக்கத்தில் நின்று பார்க்கும் இளைஞனுக்குக் கையாற் காட்டிக் கொடுக்கின்றனர்.