களைக்கூலியும் மார்ச் 31-ம்

வங்கியில் இருந்த காலத்தில் மார்ச் 31 என்றால் எங்களுக்குத் தேர்த்திருவிழா. இலக்கை எட்ட, தெரிந்தவர்களிடம் கெஞ்சி டெபாசிட் வாங்குவோம். ஏப்ரல் முதல் வாரமே அது வந்த வழியில் போய்விடும். வளர்ச்சி கணக்கில் மட்டும்தான்!

அதே மனுஷ சுபாவத்தை இப்போது கடலைக் காட்டிலும் பார்க்கிறேன். களையெடுப்பை 'ஏக்கருக்கு இவ்வளவு' என்று காண்ட்ராக்ட் விட்டால், சீக்கிரமே காடு சுத்தமாகத் தெரியும். கோரைக்கிழங்கு மட்டும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், சில நாளில் மறுபடி தலை நீட்டும். ஆட்களைக் குறை சொல்லி என்ன பயன்? பரப்புக்குத்தானே காசு பேசினோம், கிழங்குக்கு இல்லையே.

களைக்கொல்லி அடிப்பவருக்கு அது ஒரு வழி. நமக்கு அந்த வழி கிடையாது. அதோடு 45 நாளுக்கு மேல் கடலையில் மண்ணைக் கிளறவும் முடியாது, விழுது இறங்கும் நேரம். புதிதாக வருபவர்கள் நொந்துபோவது இங்கேதான். அதனால் நாள் கூலிக்கே ஆள் விடுங்கள். வரப்பில் நின்று விரட்டாமல், நீங்களும் ஒரு களைக்கொத்தோடு உட்காருங்கள்.

எங்கள் காட்டுக்கு வரும் அம்மா ஒருவர் சொல்வார்: "நாலு கதை பேசிக்கிட்டே எடுத்தாத்தான் சார், கை தானா வேர் வரைக்கும் போகும். அவசரப்பட்டா தழைதான் கையோட வரும்." பதினோரு மணிக்கு டீயும் சுண்டலும் கொடுக்கிறோம். கூலி கொஞ்சம் கூடத்தான் ஆகிறது, ஆகட்டும்.

ஒன்று, எடுத்த கிழங்கைக் குப்பைக்குழியில் போட்டுவிடாதீர்கள், முளைத்துவிடும். பாறைமேல் பரப்பி நல்ல வெயிலில் சுருங்கக் காயவிடுங்கள்.