உஷார்! குதிரையோடு ஜவ்வாது மலையில் கூடாரமா? அட்வான்ஸ் கட்டும் முன் படியுங்கள்

"ஆற்றோரம் டென்ட், ராத்திரி கேம்ப் ஃபயர், விடிந்ததும் குதிரைச் சவாரி, காட்டுக்குள் அருவிக் குளியல், எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்." இப்படி ஒரு செய்தி உங்கள் போனில் வந்து விழுந்தால் பணம் அனுப்பும் விரலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த ஒரு வரிக்குள் நாலு ஆபத்து உட்கார்ந்திருக்கிறது: ஆற்றோரம், நெருப்பு, முன்பின் தெரியாத குதிரை, யாருடையது என்றே தெரியாத காடு. இதில் ஆறும் நெருப்பும் காடும் நம் பக்கத்திலேயே ஆளைக் கொன்றிருக்கின்றன. குதிரையின் கதையைக் கீழே சொல்கிறேன்.

ஜவ்வாது மலை ஊட்டி போலச் சுற்றுலாவுக்கென்று வளர்ந்த ஊர் கிடையாது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை. மையமான ஊர் ஜமுனாமரத்தூர். மலையாளிப் பழங்குடியினர் சாமையும் புளியும் தேனுமாகப் பிழைக்கிற இடம். ஆண்டுக்கு ஒருமுறை கோடை விழா, பீமன் அருவி, காவலூர் வானாய்வகம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய்விட்டால் செல்போன் சிக்னலும் கிடையாது, கூப்பிட்ட குரலுக்கு ஆளும் கிடையாது. அங்கே போய்த்தான் குதிரையைக் கட்டப் போகிறீர்கள்.

ஒரே ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள்: ராத்திரி ஒரு குதிரையைப் பத்திரமாகக் கட்டி வைக்க முடியாத இடத்தில் நீங்களும் படுக்கக் கூடாது. குதிரைக்கு என்னென்ன வேண்டும் என்று கணக்குப் பார்த்தாலே இடத்தின் யோக்கியதை தெரிந்துவிடும்.

காடா, பட்டா நிலமா?

முதல் கேள்வி இதுதான். மலையில் கணிசமான பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே காலை வைத்தால் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். "நம்ம ஆளுங்கதான் சார், ரேஞ்சரைத் தெரியும்" என்று சொல்பவரின் பேச்சு வழக்குப் போடும்போது உதவாது. நிலத்தின் சர்வே எண்ணைக் கேளுங்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். எண்ணைக் கொடுக்கத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு நடந்து போகலாம். ஆனால் நடப்பதற்குக் கொடுத்த அனுமதி குதிரைக்கும் சேர்த்துத்தான் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வன அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

காட்டை ஒட்டிய டென்ட் என்ன செய்யும் என்பதற்கு வயநாடு சாட்சி. 2021 ஜனவரியில் மேப்பாடி அருகே, காட்டோரம் போட்ட டென்ட்டில் தங்கிய பெண் ஒருவரை யானை மிதித்துக் கொன்றது. அதே வட்டாரத்தில் 2025 மே மாதம் கூடாரமே சரிந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார். விலங்கு வந்தால்தான் ஆபத்து என்று இல்லை. முட்டுக்கொடுத்த கம்பு இற்றுப்போனாலே போதும்.

ஜவ்வாது மலையில் கரடியும் சிறுத்தையும் இருக்கின்றன. 2024 ஜூனில் மலையடிவாரத் திருப்பத்தூரில், கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறுத்தை புகுந்து, ஒருவரைக் காயப்படுத்தி, கார் நிறுத்துமிடத்தில் பதுங்கியது. மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். நகரத்துக்கே வரும் விலங்கு, குதிரை வாடை வீசும் உங்கள் கூடாரத்தை ஒதுக்கிவிட்டுப் போகும் என்று நம்பாதீர்கள். சிறுத்தை வாடை பட்ட குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இருட்டில் அது எங்கே ஓடும்? பள்ளத்துக்கோ, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கோ, உங்கள் டென்ட் மேலேயோ.

பச்சையாக இருப்பதெல்லாம் தீனி இல்லை

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. மாடு அசை போடும்; ஆகாததைத் தின்ற குதிரைக்கு வெளியே தள்ள வழியே இல்லை. வயிற்றுவலி வந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். வேலியோரம் அழகாகப் பூத்து நிற்கும் அரளியில் கொஞ்சம் இலை போதும், ஒரு குதிரை செத்துவிடும். உன்னிச்செடி, காட்டாமணக்கு, ஆமணக்கு எல்லாம் அந்த வரிசைதான். கூடாரம் போடும் இடத்தைச் சுற்றி முதலில் ஒரு நடை நடந்து செடிகளைப் பாருங்கள். தீனியைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே மேயவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

மேய்ச்சலில் இதைவிடப் பெரிய ஆபத்து அவுட்டுக்காய். காட்டுப்பன்றியைக் கொல்ல, தீனிக்குள் வெடிமருந்தை வைத்துப் போடும் நாட்டு வெடி. கடித்ததும் வாய் சிதறும். இதைக் கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல் செத்த யானைகள் கோவைப் பக்கம் உண்டு. குதிரைக்கும் வாய்தான் இருக்கிறது. தரையில் கிடக்கும் பழத்தையோ உருண்டையையோ குதிரை மோந்து பார்க்கவே விடாதீர்கள். குழந்தைகளும் கையில் எடுக்கக் கூடாது.

அடுத்தது கரண்ட் வேலி. 2023 மார்ச்சில் பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்து விழுந்தன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்ய அரசு விதிமுறை கொண்டு வந்தது. விதி வந்துவிட்டதால் கம்பி போய்விட்டது என்று அர்த்தமில்லை. இரும்பு லாடம் அடித்த குதிரை, ஈரத் தரை, மேலே நீங்கள். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சூரியன் சாய்ந்த பிறகு வயல் வரப்பில் குதிரையை நடத்தாதீர்கள். எந்தக் கொல்லையில் வேலி இருக்கிறது என்பதை ஊர்க்காரர்களிடம் பகலிலேயே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர்: இல்லாவிட்டாலும் ஆபத்து, இருந்தாலும் ஆபத்து

வெயில் காலத்தில் ஒரு குதிரை நாளைக்கு 30 முதல் 40 லிட்டர் குடிக்கும். நாலு குதிரை என்றால் எட்டு கேன் தண்ணீர், குடிக்க மட்டும். கோடையில் மலைக் கிராமத்துப் பெண்கள் ஊற்றில் குடத்தோடு காத்து நிற்கும்போது, நீங்கள் போய் அந்த ஊற்றில் குதிரையை இறக்கினால் வம்பு வரும். வருவது நியாயமும்கூட. "தண்ணி இருக்கு சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். போரா, கிணறா, ஓடையா, மே மாதத்தில் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.

ஓடையோரம் அழகுதான். ஆனால் இந்த மலை ஆறுகளைப் பெற்றெடுக்கும் மலை. செய்யாறும் நாகநதியும் இங்கேதான் பிறக்கின்றன. மேலே எங்கோ பெய்த மழை, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயதுப் பையனைப் பட்டப்பகலில், கூட்டத்தின் நடுவே அடித்துக்கொண்டு போனது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மிச்ச மழை மலைக்குத் தென்மேற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ராத்திரி தூங்கும்போது இப்படி ஒரு தண்ணீர் வந்தால், கட்டிப்போட்ட குதிரைக்குத் தப்பிக்கும் வழியே கிடையாது. ஓடையின் பழைய வெள்ளக் கோட்டைப் பாருங்கள். மரக்கிளைகளில் சருகும் குப்பையும் சிக்கியிருக்கும் உயரம்தான் அது. அந்தக் கோட்டுக்கு மேலே, நன்றாக மேலே, கூடாரம் போடுங்கள்.

கேம்ப் ஃபயரா? கும்பிடு போட்டு விலகுங்கள்

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். படித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள், கூட்டமாகத்தான் போனார்கள். காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அதற்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை அதே 2018-இல் கொண்டு வந்தது. தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள்; 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள்.

ஜவ்வாது மலைக் காடு இலையுதிர் காடு. பிப்ரவரிக்குப் பிறகு காலடியில் எல்லாம் சருகு. அந்தச் சமயத்தில் கேம்ப் ஃபயர் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அல்லது தெரிந்தும் கவலை இல்லை. இரண்டுமே உங்களுக்கு ஆகாது. புகை இன்னொரு வினையையும் இழுத்து வரும். பாறையிலும் உயரமான மரத்திலும் கூடு கட்டும் மலைத்தேனீ கலைந்தால் மனிதனாவது டென்ட்டுக்குள் புகுந்துகொள்வான். கட்டியிருக்கும் குதிரை என்ன செய்யும்? முளையில் கட்டினாலும் மரத்தில் கட்டினாலும், நுனியை ஒரு இழு இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கத்தி ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கட்டும்.

அங்கே நிற்கும் குதிரை எப்படிப்பட்டது?

சொந்தக் குதிரை இல்லாமல் வாடகைக் குதிரையை நம்பிப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது குதிரை வளர்ப்பவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. 250 கிலோ மட்டக்குதிரை என்றால் 50 கிலோ. எண்பது கிலோ ஆசாமி ஏறினால் குதிரையின் முதுகு போகும். மலைச்சரிவில் அது தடுமாறினால் உங்கள் முதுகும் போகும். ஹெல்மெட் தரவில்லை என்றால் ஏறாதீர்கள். லாடம் தேய்ந்து, ஆணி துருத்திக்கொண்டு, சேணத்தின் கீழ் புண்ணோடு நிற்கும் குதிரை என்றால் கிட்டேயே போகாதீர்கள்.

மூக்கில் கெட்டியாகச் சளி ஒழுகுகிறதா? தோலில் கட்டிகள் தெரிகின்றனவா? கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம். குதிரையிலிருந்து மனிதனுக்கும் தொற்றும். தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிட வேண்டியதுதான். பல குதிரைகள் ஒரே தொட்டியில் வாய் வைக்கும் இடத்தில் இது எளிதாகப் பரவும். அதனால் சொந்தக் குதிரையைக் கொண்டு போகிறவர்கள் வாளியையும் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனை செய்து வாங்கிய சான்று இருக்கிறதா என்று முகாம்காரரைக் கேளுங்கள். உங்கள் குதிரையை வண்டியில் ஏற்றவும், பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று சட்டப்படி வேண்டும்.

இறங்கும் வழி

எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியாக ஒன்று பாக்கி. ஏதாவது ஆகிவிட்டால் கீழே எப்படி வருவீர்கள்?

2022 ஏப்ரல் 2 அன்று திருப்பத்தூர்ப் பக்கம் சேம்பரையில், மலைக்கோவிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அந்தப் பாதைகளில் பழக்கமான வண்டியே இப்படி என்றால், பின்னால் குதிரை நின்று அசையும் மினி லாரியை யோசித்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் குதிரை ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் சாயும்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. நல்ல சாலை இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட, அந்தத் தாய் உடலைத் தூக்கிக்கொண்டு மலையேறி நடந்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நேர்ந்தது இது. வார இறுதிக்கு வந்த உங்களுக்கு மட்டும் தனி வழி திறக்காது.

ஆகவே, ஆம்புலன்ஸ் வந்து திரும்பும் அளவுக்குச் சாலை முகாம் வாசல்வரை இருக்கிறதா என்று பாருங்கள். 108-க்கு அழைக்க எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்பதைப் போனவுடன் தெரிந்துகொள்ளுங்கள். கால்நடைக்கான எண் 1962. ஆனால் மலை உச்சிக்கு வண்டி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதை முதலிலேயே விசாரியுங்கள். பாம்புக்கடி மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.

போனிலேயே கேட்க வேண்டிய எட்டு

1. சர்வே எண் என்ன? பட்டா யார் பேரில்?
2. குதிரை போகும் பாதைக்கு வன அனுமதி எழுத்தில் இருக்கிறதா?
3. காட்டு எல்லையிலிருந்து கூடாரம் எவ்வளவு தூரம்? இரவுக் காவலுக்கு உள்ளூர் ஆள் உண்டா?
4. குதிரைகளை எங்கே கட்டுவீர்கள்? அந்த இடத்தின் படத்தை அனுப்ப முடியுமா?
5. கோடையில் தண்ணீர் எங்கிருந்து, எத்தனை லிட்டர்?
6. மழை பெய்தால் மாற்று இடம் எது?
7. குதிரைகளின் பரிசோதனைச் சான்று, ஹெல்மெட் இருக்கிறதா?
8. ஆம்புலன்ஸ் எதுவரை வரும்?

நேர்மையாக நடத்துபவர் இந்த எட்டுக்கும் எரிச்சல்படாமல் பதில் சொல்வார். சிலவற்றுக்கு "அது எங்களிடம் இல்லை" என்றுகூடச் சொல்லலாம். அப்படிச் சொல்பவரை நம்பலாம், அதற்கேற்ப நீங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். "வாங்க சார், எல்லாம் பார்த்துக்கலாம்" என்பவரிடம் போகாதீர்கள். ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியிருந்தால் அது போகட்டும். ஜமுனாமரத்தூரில் ஒரு அறை எடுத்துத் தங்கி, பகலில் மட்டும் சவாரி செய்துவிட்டு, இருட்டும் முன் குதிரையை லாயத்தில் சேர்த்துவிடுங்கள். கூடாரம் இல்லாத சுற்றுலா குறைந்த சுற்றுலா ஆகிவிடாது.