அழ வைத்தால் நாடகம் தோல்வி! மாணவர்கள் சண்டை போட்டு முடிவை மாற்றிய கதை

நாடகம் பார்ப்பவர் கண் கலங்கினால் வெற்றி. இதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. "கலங்கவே கூடாது" என்று கட்சி கட்டினார் ஜெர்மனி நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் (1898–1956).

அழுதுகொண்டிருப்பவன் "இது நியாயமா?" என்று கேட்கமாட்டானாம்! அதனால் ரசிகன் கதையில் முழுகும் நேரம் பார்த்து நடிகர் கதையை விட்டு வெளியே வருவார். ஜனங்களைப் பார்த்து நேராகப் பேசுவார். அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டியே அட்டையில் எழுதிக் காட்டுவார்கள். மேடை விளக்கைக்கூட மறைப்பதில்லை. இதற்கு அந்நியப்படுத்துதல் என்று பெயர். கல்லூரி நாடகக் குழுக்களுக்கு இதன் மேல் ஓர் ஆசை. செலவும் குறைவு!

பபூன் செய்யாததா?

கான்சாபுரம், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவிழா நாடகம் பார்த்தவர்கள், "இதென்ன பிரமாதம், நம்ம பபூன் செய்யாததா?" என்பார்கள். வாஸ்தவம்தான். பபூன் முன்வரிசை ஆளை வம்புக்கு இழுப்பார், ஊர்ச் சமாசாரம் பேசுவார். ஆனால் சிரிக்க வைத்துவிட்டு நம்மைத் திரும்பவும் வள்ளி திருமணத்துக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடுவார். பிரெக்டாக இருந்தால், கிழவர் வேடத்தில் வந்து ஏமாற்றியது சரிதானா என்று வள்ளியையே நிறுத்திக் கேட்கச் சொல்லியிருப்பார்.

அவர் நாடகம் ஒன்றில், பாலைவனத்தில் தவிக்கும் முதலாளிக்குக் கூலியாள் தண்ணீர்க் குடுவையை நீட்டுகிறான். கல் என்று நினைத்துச் சுட்டுக் கொல்கிறார் முதலாளி. கோர்ட்டில் விடுதலை! அடிபட்ட கூலி பழிவாங்க வருவான் என்று நினைத்தது இயல்புதான் என்பது தீர்ப்பு. இலங்கையில் 1979-ல் க. பாலேந்திரா இதை 'யுகதர்மம்' என்று தமிழில் மேடையேற்றினார். கூலிக்காக ஒரு பாட்டம் அழுதுவிட்டால் தீர்ப்பு மறந்துபோகும். அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

பிள்ளைகள் போட்ட போடு!

அட்டையைத் தூக்கிப் பிடிப்பது சுலபம். பார்ப்பவனைக் கேள்வி கேட்க வைப்பதுதான் கஷ்டம். அதைக் கேட்டுக் காட்டியவர்கள் பெர்லின் பள்ளிப் பிள்ளைகள்.

மாணவர்கள் நடிப்பதற்கென்றே 1930-ல் பிரெக்ட் எழுதியது 'ஆமாம் என்பவன்'. இசை குர்ட் வைல். தாய்க்கு மருந்து வாங்க மலை தாண்டிப் போகும் பையன் நடுவழியில் நோயில் விழுகிறான். நடக்க முடியாதவனுக்காகப் பயணம் நிற்காது. அது பழைய வழக்கம். 'சம்மதமா?' என்று கேட்பார்கள். 'சம்மதம்' என்றுதான் சொல்லவேண்டும். சொல்கிறான். பள்ளத்தாக்கில் தள்ளப்படுகிறான்!

நியூக்கோல்ன் பகுதியிலிருந்த கார்ல் மார்க்ஸ் பள்ளி மாணவர்களிடம் நாடகம் விவாதத்துக்கு வந்தது. அவர்கள் அழவில்லை, சண்டைக்கு வந்தார்கள். பையன் எதற்காகச் சாகவேண்டும்? பிரெக்ட் கோபித்துக்கொள்ளவில்லை. ஆட்சேபங்களைக் கேட்டு நாடகத்தைத் திருத்தினார். போதாதென்று 'மாட்டேன் என்பவன்' என்று இன்னொன்றும் எழுதினார். அதில் பையன் துணிந்து மறுக்கிறான். பழைய வழக்கம் வேண்டாம், நிலைமைக்குத் தக்கபடி புதிதாக யோசியுங்கள் என்கிறான். எல்லாரும் அவனோடு ஊருக்குத் திரும்புகிறார்கள்.

முடிந்தவரை இரண்டையும் சேர்த்தே நடிக்கவேண்டும் என்று பிரெக்ட் குறிப்பும் எழுதி வைத்தார். ஆக, ஒரே சாயங்காலத்தில் பையன் ஒரு தரம் சாவான். அடுத்த தரம் வீடு போய்ச் சேருவான்.