டெண்டர்: ஊர்ப் பணத்திற்கு ஒரு வேலி

வீட்டுக்குக் கறிகாய் வாங்குபவர் தமக்குப் பிடித்த கடையில் வாங்கலாம், ஏனென்று கேட்பாரில்லை. ஊரார் பணத்தைச் செலவிடுவோர்க்கு அவ்வுரிமை இல்லை. இன்ன கடையை ஏன் தேர்ந்தோம் என்பதற்கு அவர்கள் காரணம் காட்டியாக வேண்டும். அக்காரணத்தை எல்லாரும் காணுமாறு நிறுவும் முறையே டெண்டர் எனப்படும் ஒப்பந்தப்புள்ளி முறையாகும்.

சிங்கப்பூரின் நகர மன்றங்களை ஈண்டு எடுத்துக்கொள்வோம். 1986-இல் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற இம்மன்றங்கள், வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளின் பொது இடங்களைப் பேணுகின்றன. துப்புரவு, மின்தூக்கிப் பராமரிப்பு, கட்டடங்களுக்கு வண்ணம் பூசுதல் ஆகியவை இவற்றின் பொறுப்பு. இதற்கான பணத்தில் பெரும்பகுதி குடியிருப்போர் மாதந்தோறும் செலுத்தும் பராமரிப்புக் கட்டணமே.

சிறு பொருள்களுக்குச் சில கடைகளில் விலை கேட்டு வாங்கினால் போதும். பெருந்தொகைக்கான வேலை எனில் வெளிப்படையாக டெண்டர் கோர வேண்டும். முதலில் வேலையின் அளவும் தரமும் எழுதப்படும். பின்னர் அறிவிப்பு வரும். குத்தகைக்காரர்கள் குறித்த நாளுக்குள், குறித்த நேரத்துக்குள் தத்தம் விலையை அளிப்பர். அந்நேரம் வரை ஒருவர் விலையை மற்றவர் அறியலாகாது. நேரம் கடந்தபின் வந்த விலை எவ்வளவு குறைவாயினும் ஏற்கப்படுவதில்லை. விலைகளை ஒருவர் தனித்துத் திறவாமல், பலர் கூடித் திறப்பர். ஆராய்ந்து பரிந்துரைப்போர் ஒருசாரார். முடிவு செய்வோர் வேறொரு சாரார். இவ்வாறு பொறுப்பைப் பிரித்து வைப்பதன் நோக்கம், ஒருவர் தவறினும் மற்றவர் கண்டுகொள்ள வேண்டும் என்பதே.

இவ்வேலியை உள்ளிருந்தும் உடைக்கலாம், வெளியிலிருந்தும் உடைக்கலாம். ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பொருந்துமாறு தரத்தை எழுதுவதும், வரம்புக்கு உட்படுமாறு ஒரு பெரிய வேலையைப் பல சிறு வேலைகளாகத் துண்டிப்பதும் உள்ளிருப்போர் செய்யக்கூடியவை. குத்தகைக்காரரிடம் கைநீட்டுவது இன்னும் கொடிது. ஏறத்தாழ 86,000 வெள்ளி அளவுக்குக் கையூட்டுப் பெற்றதற்காக, சிங்கப்பூர் நகர மன்றம் ஒன்றின் முன்னாள் பொது மேலாளர் 2019-இல் சிறைத்தண்டனை பெற்றார்.

வெளியிலிருப்போர் செய்யும் சூழ்ச்சி வேறு. போட்டியிட வேண்டியவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, இம்முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று பங்கிட்டுக்கொள்வர். மற்றவர் வேண்டுமென்றே உயர்ந்த விலை எழுதுவர். பார்வைக்குப் பல உறைகள். உண்மையில் ஒரே விலை. சிங்கப்பூரின் போட்டிச் சட்டம் இதனைத் தடை செய்கிறது. கறையான் ஒழிப்பு வேலைகளில் இவ்வாறு கூடிச் செயற்பட்டமைக்காக 2008-இல் 6 பூச்சியொழிப்பு நிறுவனங்களுக்கு மொத்தம் 262,000 வெள்ளிக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது.

இனி, மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலையைக் கொடுத்தல் சரியா என்ற வினா எழும். விலையை மட்டும் பார்த்தால், குத்தகைக்காரர் எதில் சிக்கனம் செய்வார்? பெருக்குமாறும் வாளியும் என்ன விலைக்கு வாங்கினாலும் பெரிதாக மிச்சமில்லை. துப்புரவு வேலையில் பெருஞ்செலவு ஆள்கூலியே. ஆதலின் விலைப் போட்டியின் சுமை, விடியுமுன் எழுந்து தாழ்வாரம் கூட்டும் முதியவரின் சம்பளத்தின்மேல் விழுகிறது. இதனை உணர்ந்தே, உள்ளூர்த் துப்புரவாளருக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறையைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கே உரிமம் என்ற விதி 2014-இல் நடைமுறைக்கு வந்தது. விலையோடு தரத்தையும் முன்னனுபவத்தையும் சேர்த்து மதிப்பிடுவதும் இக்காரணம் பற்றியே. ஆனால், எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை விலைகளைத் திறக்குமுன்பே வரையறுத்துவிட வேண்டும். திறந்தபின் வகுக்கும் அளவுகோல், வேண்டியவரின் உயரத்துக்கு வெட்டப்பட்ட கோலாகிவிடும்.

ஆகவே டெண்டரின் நேர்மை உறையைத் திறக்கும் நாளில் தோன்றுவதன்று. வேலையின் தரத்தை எழுதும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. நகர மன்றங்களின் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்குகள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகின்றன. கட்டணம் செலுத்துவதோடு நம் கடமை முடிந்தது என்றிராமல், அக்கணக்குகளைப் படிக்கவும் பழகுவோமாக. காவலில்லா வேலியை ஆடும் தாண்டும்.